பிடித்தலும் விடுதலும்: கிரகணச் சொற்களில் சமயமும் நிமித்தமும்

முன்னுரை

2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு இந்தியா முழுவதும் முழுச் சந்திர கிரகணம் தெரிந்தது. இரவு 9.57க்குத் தொடங்கி நள்ளிரவு கடந்து 1.26 வரை நீடித்த அக்கிரகணத்தில் முழு மறைப்பு மட்டும் 82 நிமிடம் நிலவியது. மும்பையில் அந்நாள், பிள்ளையார் சிலைகளைக் கடலில் கரைக்கும் அனந்த சதுர்த்தசிக்கு மறுநாள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர்க்கு இத்தகைய நாள்களில் தமிழ், மராத்தி, இந்தி ஆகிய மொழிகளில் அறிவுரைகள் ஒருங்கே வந்து சேர்கின்றன. கிரகணத்திற்குச் சமயப் பொருள் உண்டா என்னும் வினாவும், அது வரப்போவதை முன்னறிவிக்கும் குறியா என்னும் வினாவும் அவ்வறிவுரைகளில் ஒன்றாகக் கலந்து விடுகின்றன. இவை வெவ்வேறான இரு வினாக்கள் என்பதைச் சொற்களின் வரலாறு காட்டுகின்றது. அவ்வரலாற்றையும், மொழிபெயர்ப்பில் அதனால் நேரும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

1. பண்டைத் தமிழ்ச் சான்றுகள்

வானில் நிகழும் மாற்றத்தை வருங்காலக் குறியாகக் கொள்ளும் நம்பிக்கை சங்க காலத்தில் இருந்தது என்பதற்குப் புறநானூற்று 229ஆம் பாடல் சான்றாகும். விண்மீன் ஒன்று வீழ்ந்ததைக் கண்டு அஞ்சிய கூடலூர் கிழார், ஏழாம் நாள் சேர மன்னன் இறந்துபட்டதைப் பாடுகின்றார். இங்கு விண்மீன் வீழ்ச்சி நிமித்தமாகின்றது.

கிரகணத்தைச் சுட்டும் குறுந்தொகை 395ஆம் பாடலும் திருக்குறள் 1146ஆம் பாடலும் இதனின் வேறுபட்டவை. பாம்பு திங்களைப் பற்றுதல் என்னும் கருத்து இரண்டிலும் உண்டு. ஆயினும் இரண்டும் அகப்பொருளில் அமைந்தவை. முன்னதில், துயருற்றாரைப் பிறர் மீட்க இயலாமைக்கு அது உவமை. பின்னதில், ஒரு நாளைக் கூட்டத்தால் எழுந்த அலர் ஊரெங்கும் பரவுவதற்கு உவமை. எவருடைய சாவையும் நாட்டின் கேட்டையும் இவ்விடங்களில் கிரகணம் உரைக்கவில்லை. எல்லாரும் ஒருங்கே காணும் காட்சி என்பதே குறளில் அதன் பயன்.

2. வினைச்சொற்கள் தரும் பாகுபாடு

கிரகணம் என்னும் வடசொல் பற்றுதல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது. தமிழ்ப் பேச்சு வழக்கும் ‘கிரகணம் பிடித்தது’, ‘கிரகணம் விட்டது’ என்றே கூறுகின்றது. இவ்விணை வினைகள் பிற இடங்களிலும் வருகின்றன. மழை பிடிக்கின்றது, மழை விடுகின்றது. சளி பிடிக்கின்றது, காய்ச்சல் விடுகின்றது. வந்து, சிலபொழுது நின்று, நீங்கும் நிலைகளின் வரிசையிலேயே வழக்கு கிரகணத்தையும் வைத்துள்ளது எனலாம். நிமித்தமோ தனக்குப் பின் வருவதைச் சுட்டுவது. கிரகணம் விட்டபின் குளித்து உண்பவர், அது முடிந்தது என்றே கொள்கின்றார்.

மராத்தியிலும் இதனை ஒத்த அமைப்பு உண்டு. அங்குக் கிரகணம் ‘லாக்ணே’ என்னும் வினையால் தொடங்கி, ‘சுட்ணே’ என்னும் வினையால் நீங்குகின்றது. பசி தோன்றுவதற்கும் திருமணம் நிகழ்வதற்கும் அம்மொழியினர் ‘லாக்ணே’ என்பதையே வழங்குவர். கிரகணத்திற்கு முற்பட்ட நோன்புக் காலம் ‘வேத்’ எனப்படும். அச்சொல்லே ஒன்றை ஆவலுடன் எதிர்நோக்குவதைக் குறிக்கும் மரபுத்தொடரிலும் வருகின்றது. ‘தே தான், சுட்டே கிராண்’ என்பது மராட்டிய மண்ணில் கிரகணப் பொழுதில் ஒலித்த இரவலர் குரல். ‘தானம் கொடுங்கள், கிரகணம் விடும்’ என்பது அதன் பொருள். ஒடுக்கப்பட்ட சாதியினர் தெருத்தெருவாகச் சென்று எழுப்பிய குரல் இது. சாதி ஏற்றத்தாழ்வின் சுவடு இதில் தெளிவு. வருவதுரைத்தல் இதில் இல்லை.

3. கணிதமும் பலனும்

கிரகணத்தை நிமித்தமாகக் கொண்ட மரபு இல்லை என்பது இதன் கருத்தன்று. ஆரியபட்டர் கி.பி. 499இலேயே திங்கள் ஞாயிற்றை மறைப்பதும், நிலவுலகின் நிழல் திங்களை மறைப்பதும் கிரகணம் என விளக்கினார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சங்கிதையின் இராகு பற்றிய பகுதியில் அந்நிழல் விளக்கத்தை ஏற்றுக்கொண்டே, வெவ்வேறு மாதங்களில் நேரும் கிரகணங்கள் அரசர்க்கும் நாடுகளுக்கும் தரும் பலன்களையும் தொகுத்தார். காரணத்தை அறிந்தமையால் பலன் நூல் மறையவில்லை.

கணித்தவரின் சொற்கள் தனி வரிசையாக நின்றன. ஸ்பர்சம் என்பது முதல் தொடுகை; நிமீலனம் முழு மறைப்பின் தொடக்கம்; உன்மீலனம் அதன் முடிவு; மோட்சம் இறுதி விடுகை. இவற்றுள் நடு இரண்டும் கண் மூடுதல், கண் திறத்தல் என்னும் பொருளின. ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட காலசங்கலிதம், புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்க் கணியர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்துள்ளது. தொடக்க நேரத்தில் அவர்தம் பிழை ஏறத்தாழ 4 நிமிடமே. நடுவிலும் முடிவிலும் அது மிகுந்தது.

இப்பிழைகளைக் கண்காணிப்பால் திருத்த முனைந்தவருள் சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி குறிப்பிடத்தக்கவர். 1868 ஆகஸ்ட் 18இல் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து ஆய்ந்த இவர், பஞ்சாங்கம் கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு பொருந்த வேண்டும் என வலியுறுத்தினார். இம்முறைக்குரிய பெயர் ‘திருக்கணிதம்’. காணப்பட்டது என்னும் பொருளுடைய ‘த்ருக்’ தமிழ் ஒலிமரபால் ‘திருக்’ ஆயிற்று. மொழி வரலாற்றை அறியாதவர் அதனைத் ‘திரு’ எனப் பிரித்துப் புனிதக் கணிதம் எனப் பொருள் கொள்ள இடமுண்டு. காட்சியைச் சுட்டிய சொல்லே சமயச் சொல்லாகத் தோன்றும் நிலை இது.

4. மும்பை வழக்கும் மொழிபெயர்ப்பும்

தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழருள் முஸ்லிம்களும் உள்ளனர். இசுலாமியத் தமிழ் வழக்கில் ‘கிரகணத் தொழுகை’ என்னும் தொடர் உண்டு. நபிகள் நாயகத்தின் மகன் இபுராகீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தபோது, அது அச்சாவினால் நேர்ந்தது என மக்கள் பேசினர். எவருடைய இறப்பிற்காகவும் பிறப்பிற்காகவும் கிரகணம் நேர்வதில்லை என நபிகள் மறுத்துத் தொழுகையை மேற்கொள்ளச் சொன்னதாக நபிமொழி மரபு கூறும். இங்குச் சமயச் செயல் உண்டு. நிமித்தம் வெளிப்படையாக மறுக்கப்பெறுகின்றது. குளித்தல், தர்ப்பணம், தானம் ஆகிய இந்துச் சடங்குகளும் காலத்தைப் பொறுத்த செயல்களே. பிறந்த நட்சத்திரத்தில் கிரகணம் நேர்ந்தால் ‘பட்டம்’ கட்டிக்கொள்ளும் வழக்கம் மட்டும் தோஷம், பரிகாரம் என்னும் பலன் துறையைச் சார்ந்தது. மறுபுறம், திராவிடர் கழகத்தார் கிரகண நேரத்தில் உண்டு காட்டி நம்பிக்கையை மறுத்து வந்துள்ளனர்.

மொழிபெயர்ப்பாளர்க்கு மிகுந்த இடர் தருவது ‘கூடாது’ என்னும் ஒரு சொல். ‘கிரகணத்தைப் பார்க்கக் கூடாது’ என்னும் தொடர் சடங்கு விலக்கையும் மருத்துவ எச்சரிக்கையையும் ஒரே வடிவில் தருகின்றது. மராத்தியின் ‘பாஹூ நயே’ என்பதும் அத்தன்மையதே. சூரிய கிரகணத்தைக் காப்பின்றிப் பார்த்தால் விழித்திரை கெடும். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் காண்பதில் தீங்கு ஏதும் இல்லை. இவ்வேறுபாட்டை விளக்காத அறிவிப்பு, அஞ்ச வேண்டாத இடத்தில் அச்சத்தையும், அஞ்ச வேண்டிய இடத்தில் ஐயத்தையும் விளைவிக்கும். சடங்கு விலக்கை நம்பாத இளைஞர் கண்ணுக்குரிய எச்சரிக்கையையும் சேர்த்தே தள்ளிவிடக் கூடும். சந்திர கிரகணத்தன்று கருவுற்ற பெண்ணைப் பல மணி நேரம் நீரும் உணவும் இன்றி இருக்கச் செய்வதற்கு, அவ்வறிவிப்பே மருத்துவச் சான்றாகவும் காட்டப்பெறலாம்.

முடிவுரை

கிரகணம் பற்றிய சொற்கள் நிகழ்வு, சடங்கு, பலன், பாதுகாப்பு என நான்கு துறைகளைச் சார்ந்தவை. ‘பிடித்தல்’, ‘விடுதல்’ ஆகியன நிகழ்வைக் குறிப்பன. அவற்றை மூடநம்பிக்கைச் சொற்களாகக் கருதி நீக்க வேண்டுவதில்லை. பஞ்சாங்கத்து ‘மோட்சம்’ வீடுபேறு அன்று. இறுதி விடுகை என்றே பெயர்க்கத்தக்கது. ‘தோஷம்’ பலன் துறைச் சொல். அதனை ‘ஆபத்து’ எனப் பெயர்த்தல் நம்பிக்கையை உண்மையாக மாற்றிவிடும். பாதுகாப்பு அறிவிப்பில் ‘கூடாது’ என்பதோடு அமையாது ‘கண் கெடும்’ என்னும் காரணத்தையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். நம்புவோரும் மறுப்போரும் அருகருகே வாழும் மும்பை போன்ற பன்மொழி நகரில், காரணத்தைச் சொல்லும் வாக்கியமே இரு சாராரையும் ஒருங்கே காக்க வல்லது.