பதினைந்து நிமிடம் பேச வந்தவர்

வியாழக்கிழமை என்றால் பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் கூட்டம் நெரியும். ஈஜிபுரா, நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மதம் பார்க்காமல் மெழுகுவத்தி ஏற்ற வருகின்றன. ‘அவரு குடிய விட்டுரணும், சாமி’ என்பது அங்கே புதிய வேண்டுதல் அல்ல. வேண்டிக்கொள்பவர் மனைவியாகவோ தாயாகவோ இருப்பார்; குடிப்பவர் வீட்டில் இருப்பார். அவர் போய் உட்கார இன்னோர் இடம் உண்டு, ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். அது பிறந்த கதை தெரிந்தால் வாசலிலேயே தயங்கி நிற்பவருக்குக் கொஞ்சம் தைரியம் வரும் என்று நம்புகிறேன்.

1935 மே மாதம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரம், டயர் கம்பெனிகளின் ஊர். நியூயார்க்கிலிருந்து வந்த பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன், ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் முயற்சியில் தோற்றுப்போய் மேஃபிளவர் ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நின்றார். ஒருபுறம் பார், அங்கிருந்து பேச்சும் சிரிப்பும். மறுபுறம் டெலிபோன், பக்கத்திலேயே ஊர்த் தேவாலயங்களின் பட்டியல்.

குடியால் வேலையையும் பேரையும் தொலைத்தவர் பில். முந்தைய டிசம்பரில்தான் நிறுத்தியிருந்தார். அதன்பின் நியூயார்க்கில் எத்தனையோ குடிகாரர்களைத் தேடிப்போய்ப் பேசிப் பார்த்தார், ஒருவர்கூட விடவில்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்த அத்தனை நாளும் நீங்கள் குடிக்கவில்லையே என்று எடுத்துச் சொன்னவர் அவர் மனைவி லோயிஸ். ஹோட்டலில் பார் பக்கம் கால் இழுத்தபோது பில்லுக்கு உறைத்தது இதுதான்: பேச இன்னொரு குடிகாரர் உடனே வேண்டும். அவரைத் திருத்துவதற்காக அல்ல, தான் இன்று தப்பிப்பதற்காக.

பட்டியலில் இருந்த பாதிரியார் ஒருவரை அழைத்தார். அவர் தந்த பெயர்களில் ஒவ்வொருவராக முயன்று, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார்: அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். மறுநாள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சந்திப்பு. முந்தைய நாள் குடியின் நடுக்கத்தோடு வந்த பாப், பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டே வந்தார். எழுந்தபோது இரவு பதினொன்று தாண்டியிருந்தது.

பில் அறிவுரை சொல்லவில்லை. தான் குடித்த கதையைச் சொன்னார். புறப்படும் முன் அவருடைய டாக்டர் சில்க்வொர்த், உபதேசத்தை விட்டுவிட்டு முதலில் நோயைப் பற்றிப் பேசு என்று சொல்லியிருந்தார். குடியின் கேடு டாக்டரான பாப்புக்குத் தெரியாததா? அனுபவித்த ஒருவர் வாயால் கேட்டது அன்றுதான். ஏ.ஏ. கூட்டம் என்பது இன்றுவரை இவ்வளவுதான்.

பிறகு நடந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. சில வாரங்களில் டாக்டர் பாப் அட்லாண்டிக் சிட்டிக்கு மருத்துவ மாநாட்டுக்குப் போய் மறுபடி நன்றாகக் குடித்துவிட்டுத் திரும்பினார். அடுத்து ஓர் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். அன்று காலை அவர் கை நடுக்கம் நிற்க பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். பாப் குடித்த கடைசி மது அது. 1935 ஜூன் 10 என்று குறிக்கப்படும் அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. விட்டு, மறுபடி தொட்டு, இனி எந்த முகத்தோடு போவது என்று குமைகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1950இல் இறக்கும்வரை பாப் மறுபடி குடிக்கவில்லை.

இயக்கத்துக்குப் பெயர் தந்தது 1939இல் வந்த அதன் புத்தகம். இந்தியாவில் ஏ.ஏ. 1957இல் பம்பாயில் தொடங்கியது.

பெங்களூரில் கூட்டம் எங்கே என்று கேட்டால் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில் சொல்வார்கள். தினமும் குடித்தவர் முதலில் டாக்டரைப் பார்ப்பது அவசியம். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் ஆசை ஒன்றே தகுதி. உறுப்பினர்கள் தாங்களாகப் போடும் பணத்தில் வாடகையும் டீயும் நடக்கும். ‘வாங்கண்ணே, உக்காருங்க’ என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்குவார். அடகு வைத்த தாலியை, பிள்ளையின் பள்ளியில் தள்ளாடி நின்றதைச் சொல்வார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். புதியவர் வாய் திறக்காமல் கேட்டுவிட்டுப் போகலாம். அங்கே மிக வேண்டியவர் அவர்தான், அன்று பில்லுக்கு பாப் வேண்டியிருந்ததைப் போல. போகும்போது போன் நம்பர் தருவார்கள்: குடித்த பிறகு அல்ல, குடிக்கத் தோன்றும்போதே அழைக்கச் சொல்லி.

குடும்பத்துக்கும் தனிக் கூட்டம் உண்டு. ‘கூட்டத்துக்கு நேரமாச்சு, கிளம்பு’ என்று பில் சொன்னபோது லோயிஸ் ஆத்திரத்தில் செருப்பை வீசினாராம். கணவர் தெளிந்த பின்னும் தனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்தவர், 1951இல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். குடிப்பவர் திருந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் மனைவியும் அம்மாவும் அங்கே போகலாம்.