மென்பொருளை எவ்வளவு நம்பலாம்? – ஒரு வரலாற்றுப் பார்வை



அரசலாற்றுக்குள் ஒழுங்காக ஓடுகிற படகு, முகத்துவாரம் தாண்டி ஐப்பசிக் கடலில் எப்படி இருக்கும் என்பதை நம்ம காரைக்கால்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். புள்ளியியல் படித்து, மென்பொருள் சோதனையில் காலம் தள்ளிய எனக்கு, என் துறையின் வரலாறும் இதே கதையாகத்தான் தெரிகிறது.

ஒரு நிரலில் இன்னும் எத்தனை பிழை பாக்கி என்று கணிக்க, 1972-இல் ஜெலின்ஸ்கியும் மொராண்டாவும் ஒரு மாதிரியைத் தந்தார்கள். 1979-இல் அம்ரித் கோயலும் ஒகுமோட்டோவும் இன்னொரு சூத்திரம் எழுதினார்கள். சோதிக்கச் சோதிக்க, புதிதாக அகப்படும் பிழை குறைந்துகொண்டே வரும். அந்த வேகத்தைப் பார்த்து மிச்சத்தை மதிப்பிடலாம். ஆனால் சோதனைக்கூடமும் வேலைக்களமும் ஒன்றுதான் என்ற அனுமானம் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

களம் மாறினால் என்ன ஆகும் என்பதை நம் கரைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் பார்த்தோம். 1993 செப்டம்பர் 20 அன்று முதல் பி.எஸ்.எல்.வி. கிளம்பியது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது ராக்கெட் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஆடிவிட்டது. அதைச் சமாளிக்கும் கட்டளையின் அளவு எல்லையைத் தாண்ட, அதுவரை உறங்கிக் கிடந்த நிரல்பிழை விழித்துக்கொண்டது. ஐ.ஆர்.எஸ்.-1ஈ செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை. 1994 அக்டோபர் 15-இல் அடுத்த பி.எஸ்.எல்.வி. வெற்றி கண்டது.

நம்ம ஊரைப் போலவே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட, இன்றும் பிரான்சின் பகுதியாக உள்ள கயானாவின் கூரூ தளத்திலிருந்து 1996 ஜூன் 4-இல் ஏரியன்-5 புறப்பட்டது. ஏரியன்-4-இல் குறையில்லாமல் ஓடிய நிரலின் ஒரு பகுதியை இதிலும் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அந்த எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. சுமார் 40 வினாடியில் எல்லாம் முடிஞ்சுபோச்சு.

பயன்படுத்துவோர் எதை எவ்வளவு அடிக்கடி செய்வார்கள் என்று பட்டியலிட்டு, அதே விகிதத்தில் சோதியுங்கள் என்று 1993-இல் பெல் ஆய்வகத்தின் ஜான் மூசா எழுதினார். அந்தப் பட்டியலே நிச்சயமில்லை என்றால்? 2006-இல் டெங்கும் ஃபாமும் களத்தின் தன்மையையே ஒரு சமவாய்ப்பு மாறியாகச் சூத்திரத்தில் சேர்த்தார்கள். இனி என்ன வரும் என்ற சந்தேகமும் கணக்குக்குள் வந்தது.

நம்ம ஊருக்கே என்.ஐ.டி. வந்துவிட்டது, இத்துறைக்குப் போகும் தம்பி தங்கைகள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 'டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு' என்று யாராவது சொன்னால், 'எந்த நிலைமையில?' என்று தயங்காமல் கேளுங்கள். ராக்கெட்டுக்கு மட்டுமல்ல, மருத்துவமனைக் கருவிக்கும் வங்கிக் கணக்குக்கும் அந்தக் கேள்வி தேவை.