ஊர்ப் பள்ளிக்கு வந்த கல்லூரி வகுப்பு

பத்தாம் வகுப்போடு மகளின் படிப்பை நிறுத்திவிடலாமா என்னும் கேள்வி நம் வீடுகள் சிலவற்றில் இன்றும் எழுகிறது. விடை காணுமுன், பன்னிரண்டாம் வகுப்பு நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

1978-க்கு முன் தமிழகத்தில் பள்ளிப் படிப்பு 11 ஆண்டுகள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர், புகுமுக வகுப்பு எனப்பட்ட பி.யு.சி.யை ஓராண்டு கல்லூரியில் பயில வேண்டும். அதிலும் தேறினால்தான் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. 1950-களின் நடுப்பகுதி வரை அவ்விடத்தில் ஈராண்டு இண்டர்மீடியட் இருந்தது. அதுவும் பெரும்பாலும் கல்லூரிகளிலேயே நடந்தது.

அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த உத்திரமேரூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் ஆண்டுப் படிப்பு என்பது ஊரைவிட்டுப் புறப்படுவதாகவே இருந்தது. காஞ்சிபுரத்தில் 1947-இல் பச்சையப்பன் கல்லூரி தோன்றியது. சென்னையில் நம் சமுதாயத்தார் 1951-இல் புதுக்கல்லூரியையும், 1955-இல் பெண்களுக்கென எஸ்.ஐ.இ.டி. கல்லூரியையும் நிறுவினர். அவற்றை அடைய அன்றாடப் பேருந்துப் பயணமோ விடுதி வாழ்க்கையோ தேவை. தமிழில் பயின்று சென்றவருக்கு ஆங்கிலப் பாடங்கள் மற்றொரு தடை. செலவுக்கு அஞ்சி மகனை நிறுத்தியோரும், தொலைவுக்கு அஞ்சி மகளை நிறுத்தியோரும் பலர்.

1964–66-இல் ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு 10+2+3 என்னும் முறையைப் பரிந்துரைத்தது. தமிழகம் அதனை ஏற்று, 1978-இல் மேல்நிலை வகுப்புகளைப் பள்ளிகளில் தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். முன்னர் 11+1+3, பின்னர் 10+2+3. இரண்டும் 15 ஆண்டுகளே. மாறியது ஆண்டுகளின் எண்ணிக்கையன்று, பன்னிரண்டாம் ஆண்டின் இடம். கல்லூரி வாயிலுக்குள் இருந்த ஒரு வகுப்பு, பள்ளிச் சுவருக்குள் வந்து சேர்ந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லா உயர்நிலைப் பள்ளிகளும் ஒரே நாளில் மேல்நிலைப் பள்ளிகளாகிவிடவில்லை. ஆய்வுக்கூடமும் பாட ஆசிரியரும் போதாத பள்ளிகளும் இருந்தன. ஆயினும், ஊர் எல்லையைத் தாண்ட இயலாத மகளுக்குக் கூடுதலாக ஒரு படி கிட்டியது.

இன்று அவ்வாயில் இன்னும் அருகில் வந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பின் தகுதிச் சுற்றுக்குப் பதினோராம் வகுப்பை முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் தேறியபின் சேரலாம். பள்ளியில் இருந்தவாறே கல்லூரிப் பாடத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இது.

கல்வி தேடுவது ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என நாம் நம்புகிறோம். தொலைவைக் காரணம் காட்டிய காலம் கடந்துவிட்டது. பத்தாம் வகுப்பு தேறிய மகள் வீட்டில் இருப்பின், பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு இவ்வாண்டே அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.