மடுல்சீமைக் கோப்பியும் மெண்டலின் விதியும்

பட்டாணிச் செடிகளிற் கண்ட பரம்பரை விதிகளைக் கிரகோர் மெண்டல் அச்சிட்டது 1866 இல். மூன்றாண்டின் பின்னர், 1869 இல், பசறைக்கு அப்பாலுள்ள மடுல்சீமையிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் தூள் தோன்றிற்று. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்சு அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்கிலி என்பார் அப்பங்கசுக்கு எமிலியா வசுத்தாத்திரிக்சு எனப் பெயரிட்டார். இவ்விரு செய்திகளையும் அன்று எவரும் இணைத்து நோக்கினாரல்லர்; மெண்டலின் கட்டுரையோ 1900 வரை உறங்கிற்று.

அராபிக்காக் கோப்பி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் விதைகொள்வது. ஓர் இயல்புக்கு இருவேறு பரம்பரையலகுகளைக் கொண்ட செடி தன்னைத்தானே கருக்கட்டின், வழித்தோன்றல்களுட் பாதியே அவ்வேறுபாட்டைக் காக்கும். அடுத்த தலைமுறையில் அதிற் பாதி. ஏழாந் தலைமுறையில் 128 இல் ஒரு பங்கே எஞ்சும். மேலும், உலகெங்கும் பரவிய அராபிக்கா மிகச் சில செடிகளின் வழிவந்தது. எனவே விதையிட்டு வளர்த்தபோதும், ஊவா முதற் கண்டி வரை நின்றவை ஏறத்தாழ ஒரு செடியின் படிகளே. ஒன்றை வென்ற பங்கசு அனைத்தையும் வென்றது. 1880 இல் ஆராய வந்த மார்சல் வார்டு, இடையீடின்றி நட்ட கோப்பியே காற்றிற் பரவும் வித்திகளுக்கு வழியமைத்ததென்றார். இருபதாண்டுக்குள் தொழில் சரிந்தது. நூல்கள் பலவும் இதனைத் துரைமாரின் நட்டமாகவே எழுதுகின்றன. நிலுவைக் கூலியையும் இழந்து நின்ற நம்மவரை ஓரிரு வரியிற் கடந்துவிடுகின்றன.

தேயிலையின் இயல்பு வேறு. அது தன் மகரந்தத்தை எளிதில் ஏற்பதில்லை. ஆதலால் ஒவ்வொரு விதையும் புதியதொரு சேர்க்கை. பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடி அகன்ற இலையினது. அயற்செடி ஒடுங்கிய இலையினது. கொழுந்து விடும் நாளும் ஒவ்வாது. கொழுந்தெடுப்போர்க்கு இது தொல்லைதான். ஆயினும் வரட்சியோ நோயோ வருங்கால் எல்லாச் செடிகளும் ஒருங்கே வீழ்வதில்லை.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரப்பிய வி.பி. தேயிலை இந்நிலையை மாற்றியது. ஓரிலையும் சிறு தண்டுத்துண்டும் கொண்டு வளர்க்கும் நாற்றிற் பரம்பரையலகுகள் கலைந்து சேர்வதில்லை. தாய்ச்செடியின் விளைச்சலும் வரும்; அதன் நலிவும் வரும். கோப்பிக்கு இயற்கை செய்ததைத் தேயிலைக்கு நாமே செய்கின்றோம். ஒரே வகையை மிகையாக நடலாகாது என்னும் அறிவுரையின் காரணம் இதுவே.

மீள்நடுகைக்காகப் பெயர்க்கப்படும் ஒவ்வொரு விதைத் தேயிலைச் செடியுடனும் மீண்டும் வாய்க்காத சேர்க்கையொன்று அழிகின்றது. இன்று நாற்றுமேடைகளிலுள்ள வி.பி. வகைகள் பலவற்றின் தாய்ச்செடிகள் அத்தகைய மலைகளிலேதான் கண்டெடுக்கப்பட்டன.