யூட்டாவில் யார் மேல் குண்டு போடுவது?

போன செமஸ்டர் விடுமுறையில் எஃப்-16 போர் விமான மாடல் ஒன்று செய்தேன். 1/72 அளவு, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. பெட்டியில் வந்த ஏவுகணை, குண்டு எதையும் மிச்சம் வைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! இறக்கைக்கு அடியில் இடமிருந்த இடத்தில் எல்லாம் ஒட்டிவிட்டேன்.

ஹாஸ்டலில் பக்கத்து அறை சீனியர் அண்ணா பல வருடமாக மாடல் செய்கிறவர். வந்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு விமானம்டா?" என்றார். டிகாலைப் பார்த்துச் சொன்னேன்: அமெரிக்காவின் யூட்டா மாநிலம், ஹில் விமானத் தளம், 1980களின் தொடக்கம். "சரி, யூட்டாவுல யார் மேல குண்டு போடப் போகுது?"

பதில் இல்லை. அந்தக் கேள்வியைத் துரத்திப் போனதில் கிடைத்த சரித்திரம்தான் இந்தக் கட்டுரை.

ஒரு போர் விமானம் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பயிற்சியில்தான் கழிக்கிறது. பெட்டியின் மேல் இருக்கும் படம் அபூர்வமான நாளைக் காட்டுகிறது. பயிற்சிக்குக் கிளம்பும் விமானத்தில் என்ன தொங்கும் என்பதற்கோ தனிக் கதை இருக்கிறது.

அது வியட்நாமில் தொடங்குகிறது. 1965 முதல் 1968 வரை அமெரிக்க விமானிகள் ஏவிய ஏவுகணைகளில் பெரும்பாலானவை இலக்கைத் தொடவே இல்லை. ஏன் என்று ஆராயும் பொறுப்பு கடற்படையில் கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் என்பவரிடம் 1968-ல் கொடுக்கப்பட்டது. ஏவுகணையில் கோளாறு உண்டு, ஆனால் விமானிக்குப் பயிற்சியும் போதவில்லை என்று அவர் அறிக்கை சொன்னது. அதன் விளைவாக 1969 மார்ச்சில் மிராமர் தளத்தில் பிறந்ததுதான் 'டாப்கன்' பள்ளி. விமானப்படை தன் பங்குக்கு 1975 நவம்பரில் நெவாடாவின் நெல்லிஸ் தளத்தில் 'ரெட் ஃப்ளாக்' பயிற்சியைத் தொடங்கியது. ஒரு விமானியின் முதல் பத்துப் போர்ப் பறத்தல்கள்தான் அதிக ஆபத்தானவை. அந்தப் பத்தையும் சாகாமல் இங்கேயே பறந்துவிடட்டும் என்பது அதன் நோக்கம்.

இப்படித் தினமும் பயிற்சி என்று ஆனதும் கணக்குப் பிரச்சினை வந்தது. (பி.காம். மாணவன் மூக்கை நுழைக்கும் இடம் இதுதான் :-) ) நிஜ ஏவுகணையைத் தினமும் தூக்கிக்கொண்டு பறந்தால் அதிர்விலேயே அதன் மின்னணுப் பாகங்கள் தேய்ந்துபோகும். சுட்டுப் பழகினாலோ ஒவ்வொரு தடவையும் பெரிய தொகை புகையாகும். அதனால் வந்தவை மூன்று சாமான்கள்.

முதலாவது, பயிற்சி சைட்வைண்டர். வெப்பத்தைத் தேடும் முனை மட்டும் நிஜம். ராக்கெட் மோட்டாரும் வெடிமருந்தும் கிடையாது. எதிரியின் எஞ்சின் வெப்பத்தைப் பிடித்ததும் விமானி காதில் உறுமல் கேட்கும், பொத்தானை அழுத்தினாலும் எதுவும் கிளம்பாது. பறக்கத் தேவையில்லை என்பதால் துடுப்புகள் கழற்றப்பட்ட நிலையிலும் பல புகைப்படங்களில் காணலாம்.

இரண்டாவது, ஏ.சி.எம்.ஐ. என்கிற கருவிக் குழாய். சைட்வைண்டர் போலவே இருக்கும், மூக்கில் மட்டும் நீண்ட ஊசி. விமானத்தின் அசைவுகளைத் தரைக்கு அனுப்பும். யார் யாரைச் 'சுட்டார்' என்று தரையிறங்கிய பிறகு திரையில் பார்த்துக்கொள்ளலாம். பொய் சொல்ல முடியாது!

மூன்றாவது, பி.டி.யு-33 பயிற்சிக் குண்டு. நிஜமான எம்.கே-82 குண்டு ஏறத்தாழ 227 கிலோ, இது 11 கிலோதான். ஆனால் விழும் பாதை அதைப் போலவே இருக்கும். தரையில் பட்டதும் புகை வரும், குறி தப்பியதா என்று தெரியும். எஸ்.யு.யு-20 என்ற தாங்கியில் ஆறு மாட்டலாம். ஒரு தடவை பறந்தால் ஆறு தடவை பழகலாம். காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் கேட்டால் மகிழ்ந்து போவார்.

இவற்றை நிஜத்திலிருந்து பிரித்துக் காட்டுவது நிறம். அமெரிக்க, நேட்டோ வழக்கப்படி மஞ்சள் பட்டை என்றால் உள்ளே வெடிமருந்து, பழுப்புப் பட்டை என்றால் ராக்கெட் மோட்டார், நீலம் என்றால் பயிற்சிச் சாமான்.

வெறும் பெயின்ட் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்தேன். கீழே இருப்பதைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

1961 ஏப்ரல் 7. நியூ மெக்சிகோ வானில் ஒரு எஃப்-100 விமானம் பி-52 ஒன்றை வழிமறித்துப் பழகிக்கொண்டிருந்தது. மாட்டியிருந்தது நிஜ சைட்வைண்டர். மின்கோளாறால் அது தானே கிளம்பியது. பி-52-ல் இருந்த எட்டுப் பேரில் மூவர் இறந்தார்கள்.

1982 மே 25. மேற்கு ஜெர்மனியில் பிரிட்டிஷ் பேன்டம் ஒன்று, சொந்தப் படையின் ஜாகுவாரையே பயிற்சியில் சுட்டு வீழ்த்தியது. தங்கள் இறக்கையில் இருப்பது நிஜ ஏவுகணை என்பது அந்த நேரத்தில் இருவர் நினைவிலும் இல்லை. தினமும் அழுத்திய விரல் அன்றும் அழுத்தியது. ஜாகுவார் விமானி குதித்துத் தப்பினார். பேன்டத்தில் இருந்த இருவரும் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள்.

1995 நவம்பர் 22. ஜப்பானிய எஃப்-15 ஒன்று பயிற்சியின்போது கூட வந்த எஃப்-15-ஐயே வீழ்த்தியது. அந்த விமானியும் குதித்துப் பிழைத்தார்.

மூன்றிலும் எதிரி என்று யாரும் இல்லை. பயிற்சி நாளில் நிஜ ஏவுகணை தொங்கியது, அவ்வளவுதான்.

சரி, நம் மாடலுக்கு வருவோம். ஒட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வருடம், எந்தத் தளம், அன்று என்ன வேலை? வான்சண்டைப் பயிற்சி என்றால் எஃப்-16-க்கு ஒரு இறக்கை நுனியில் பயிற்சி சைட்வைண்டர், மறு நுனியில் ஏ.சி.எம்.ஐ. குழாய், வயிற்றுக்கடியில் ஒரு எரிபொருள் டேங்க் போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குண்டுப் பயிற்சி என்றால் நீலக் குண்டுகள். 1/72-ல் ஒரு பி.டி.யு-33 ஏறத்தாழ 8 மி.மீ. நீளம்தான். பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் குச்சியைச் சீவியே செய்துவிடலாம், செலவு பூஜ்யம். போரில் பறந்த விமானத்தைச் செய்கிறீர்களா? அப்போது மஞ்சளும் பழுப்பும் தாராளமாகப் பூசுங்கள். முடிந்தால் அந்தத் தளத்தில் அந்த வருடம் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் எஃப்-16-ல் இருந்து குண்டுகளைப் பிய்த்து எடுத்துவிட்டேன் (இரண்டு இடத்தில் பெயின்டும் சேர்ந்து வந்தது). இப்போது இறக்கை நுனியில் 4 செ.மீ. ஏவுகணை, அதில் மெல்லிய நீலக் கோடு. அண்ணா பார்த்துவிட்டு, "இப்ப யூட்டாவுல பத்திரமா இறங்கும்டா" என்றார்.

பார்ப்பதற்குக் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஜாகுவார் ஞாபகம் வருகிறது.