ஊத்ரியின் கருவி

நண்பரின் பழைய சொகுசுக் கார் ஏற்றத்தில் திணறியது. மெக்கானிக் அடியில் தட்டினார். உள்ளே கலகலவென்று சத்தம். "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நொறுங்கிடுச்சு சார். முதல்ல மிஸ்ஃபயரைச் சரி பண்ணணும். எரியாத பெட்ரோல் போனா புதுசும் போயிடும்" என்றார்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு எழேன் ஊத்ரியின் நினைவு வந்தது. பிரான்சில் பிறந்து அமெரிக்கா சென்ற பொறியாளர். லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தைக் கண்டு கவலைப்பட்டு, கார்ப் புகையின் நஞ்சைக் குறைக்கும் கருவியை உருவாக்கினார். 1956-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அன்றைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அதன் பிளாட்டினத்தைச் செயலிழக்கச் செய்தது. 1962-இல் அவர் காலமானார். பிறகு ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் கருவியும் பரவலானது. இந்தியா முழுவதும் ஈயம் நீங்கியது 2000-இல்.

மெக்கானிக் சொன்னதும் அதுதானே? உள்ளே போவது சரியாக இருந்தால்தான் வெளியே வருவது சுத்தமாகும்.