சதுப்பேரிக் கொசுவும் ஜெர்மன் மாடும்

1955 நவம்பரில் தொடங்கி 1957 அக்டோபர் வரை, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலும் அடுத்திருக்கும் சித்தூர் மாவட்டத்திலும் ஊர் ஊராகப் போய்க் கொசு பிடித்தார்கள். பிடித்தவர்கள் புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்து ஆட்கள். ஐ.சி.எம்.ஆரும் அமெரிக்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952ல் ஆரம்பித்த மையம் அது; இன்றைக்கு அதற்குப் பெயர் தேசிய வைராலஜி நிறுவனம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மூளைக்காய்ச்சலோடு குழந்தைகள் வந்துகொண்டிருந்த காலம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவிலும் உண்டு என்று முதலில் தெரியவந்ததே இந்த வேலூர்ப் பகுதியில்தான். அந்தக் கிருமியைத் தேடித்தான் கொசுப் பிடிப்பு.

நான் இதே மாவட்டத்தில் கால்நடை மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். கொசு பிடிக்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பொழுது சாய்ந்ததும் மாட்டுக் கொட்டகைக்குள் டார்ச்சோடு நுழைவார்கள். சுவரில், கூரைக் கழியில், மாட்டின் விலாவில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, ரப்பர் குழாயால் வாய்வழியாக மெல்ல உறிஞ்ச வேண்டும். கொசு தொண்டைக்குள் போய்விடாமல் நடுவில் ஒரு வலைத்துணி. வேகமாக உறிஞ்சினால் கொசு நசுங்கும். மெதுவாக உறிஞ்சினால் பறந்துவிடும். மாடு வாலைச் சுழற்றினால் முகத்தில் விழும்.

பிடித்த கொசுக்களை இனம் பிரித்து, ஒரே இனத்தைக் கும்பலாகச் சேர்த்து அரைத்து, அந்தச் சாற்றைப் பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலிக் குட்டியின் மூளையில் ஊசியால் ஏற்றுவார்கள். பிறகு காத்திருப்பதுதான் வேலை. குட்டி பால் குடிக்காமல் துவண்டால், அதன் மூளையை எடுத்து அடுத்த குட்டிக்கு. அதுவும் துவண்டால், ஏதோ ஒரு வைரஸ் கைக்கு வந்துவிட்டது என்று கணக்கு. அது எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க, ஏற்கெனவே தெரிந்த ஒவ்வொரு வைரஸின் எதிர்ப்புச் சீரத்தோடும் மோதவிட்டுப் பார்க்க வேண்டும். சுண்டெலியைக் கொல்லாத வைரஸ் எத்தனை வந்து போனாலும் இந்த முறைக்குத் தெரியாது.

தேடியது ஜப்பானிய மூளைக்காய்ச்சலை. கிடைத்தது அதற்கு மேலும் பல. 1957ல் கியூலெக்ஸ் விஷ்ணுய் என்ற, நெல் வயலில் பெருகும் கொசுவிலிருந்து ஒன்று வந்தது. அதற்கு வேலூரை ஒட்டிய சதுப்பேரியின் பெயரை வைத்தார்கள். வேலூர் பெயரிலேயே இன்னொரு வைரஸும் உண்டு. 1964ல் தோட்டப்பாளையத்தில் பிடித்த மூஞ்சூறிலிருந்து கிடைத்தது தோட்டப்பாளையம் வைரஸ். பூச்சி பரப்பும் வைரஸ்களின் பட்டியலோடு சேர்ந்து கிடந்த அது, உண்மையில் ஹாண்டா வைரஸ் குடும்பம் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த ஹாண்டான் வைரஸைக் கொரியாவில் கண்டுபிடித்ததே 1970களில். அதற்கு முன்பே எங்கள் ஊர் மூஞ்சூறு கொடுத்த வைரஸ் குப்பியில் உறைந்து கிடந்திருக்கிறது.

சதுப்பேரி வைரஸால் யாருக்கும் நோய் வந்ததாகத் தெரியவில்லை. பிறகு நைஜீரியாவில் மாடுகளிலும் கியூலிகாய்டஸ் என்ற பூச்சியிலும் கிடைத்தது. அதற்கு மேல் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கியூலிகாய்டஸைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். சாதாரணக் கொசுவலைக் கண்ணி வழியாகவே நுழைந்துவிடும். சாணம் கலந்த ஈரச் சேற்றில் வளரும். ஆட்டுக்காரர்களுக்கு நீலநாக்கு நோய் தெரியும்; வாய் வீங்கி, எச்சில் ஒழுகி, குளம்பு நொந்து ஆடு விழும். அதைப் பரப்புவது இந்தப் பூச்சிதான். குளிர் நாடுகளுக்கு இந்த நோய் வராது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2006ல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி ஆடுமாடுகளுக்கு நீலநாக்கு வந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

2011 கோடை கடைசியில் ஜெர்மனியின் மேற்கிலும் நெதர்லாந்திலும் கறவை மாடுகளுக்குக் காய்ச்சல், பால் குறைவு, சில இடங்களில் கழிச்சல். சில நாளில் தானாகத் தேறிவிட்டன. நீலநாக்கா, கோமாரியா, வேறேதுமா என்று சோதித்தால் எல்லாம் இல்லை என்றே வந்தது. ஷ்மாலன்பெர்க் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில் எடுத்த ரத்தம், பால்டிக் கடலில் ரீம்ஸ் தீவிலுள்ள ஃப்ரீட்ரிஷ் லோஃப்லர் நிறுவனத்துக்குப் போனது. கோமாரிக்குக் காரணம் வைரஸ் என்று 1898ல் காட்டிய லோஃப்லரே 1910ல் அங்கே தொடங்கிய இடம்.

இம்முறை சுண்டெலி இல்லை. மாடுகளின் ரத்தத்தை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்த மரபணுப் பொருள் முழுவதையும் வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் போட்டார்கள். எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லாத முறை இது. வந்த துண்டுகளில் பெரும்பாலானவை மாட்டினுடையவை. அவற்றைக் கழித்துப் பார்த்தால், விரல்விட்டு எண்ணக்கூடிய சில துண்டுகள் எதோடும் முழுதாகப் பொருந்தாமல், ஆனால் அகபானே, அய்னோ, ஷமோண்டா வைரஸ்களின் சாயலில் இருந்தன. மூன்றுமே சதுப்பேரி சேர்ந்திருக்கும் சிம்பு குழுவைச் சேர்ந்தவை. நவம்பரில் அறிவித்தார்கள். உயிருள்ள வைரஸைச் செல்களில் வளர்த்தது அதற்குப் பிறகுதான். கியூலிகாய்டஸ் பூச்சியின் செல்களிலும் வளர்த்தார்கள். வைரஸைக் கண்ணால் காண்பதற்கு முன் அதன் எழுத்துகள் கைக்கு வந்துவிட்டன. சினையாக இருந்தபோது இந்த வைரஸ் தாக்கிய ஆடுகளுக்கு, டிசம்பரிலிருந்து கால் மடங்கி, கழுத்து முறுக்கிய குட்டிகள் செத்துப் பிறந்தன. பண்ணைகளுக்கு அருகே பிடித்த கியூலிகாய்டஸ் பூச்சிகளிலும் அதே வைரஸ் கிடைத்தது.

அந்த ஊர்ப் பெயராலேயே ஷ்மாலன்பெர்க் வைரஸ் என்று அழைத்த அதன் மரபணு மூன்று துண்டு. முதலில் ஒப்பிட்டபோது சிறிய துண்டுக்கு ஷமோண்டா, நடுத்துண்டுக்கு அய்னோ, பெரிய துண்டுக்கு அகபானே நெருக்கம் என்று வந்தது. மூன்று துண்டுக்கும் மூன்று சொந்தக்காரர்கள்! காரணம் எளிது: சதுப்பேரி உள்ளிட்ட பழைய வைரஸ்களின் முழு வரிசையை அதுவரை யாரும் படித்துக் கணினியில் ஏற்றியிருக்கவில்லை. 2012ல் ரீம்ஸ்காரர்கள் அவற்றையும் வரிசைப்படுத்தி ஒப்பிட்டார்கள். நடுத்துண்டு சதுப்பேரியோடு போய்ச் சேர்ந்தது. ஷ்மாலன்பெர்க் வைரஸைச் சதுப்பேரி இனத்திலேயே சேர்க்க வேண்டும் என்று எழுதினார்கள். ஷமோண்டாவும் சதுப்பேரியும் கலந்து பிறந்ததா, ஷமோண்டாவுக்கே இதுதான் மூதாதையா என்று ஜப்பானியர்களுக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு. அது அவர்கள் வழக்கு.

என் கட்சி வேறு. மரபணு வரிசைப்படுத்தல் வந்ததும் பழைய முறையெல்லாம் குப்பை என்று பேசுகிறவர்கள் உண்டு. 2015ல் சீனத்தில் 70 வகைப் பூச்சிகள், உண்ணிகள், சிலந்திகளிலிருந்து 112 புது வைரஸ்களை இயந்திரமே எடுத்துக் கொடுத்தது உண்மை. அவற்றில் எது மாட்டுக்கு ஆகாது என்பதை இயந்திரம் சொல்லாது. ஜெர்மன் மாட்டு ரத்தத்தில் கிடைத்த சில துண்டுகளுக்கு அர்த்தம் வந்ததே, முன்னவர்கள் பேரும் ஊரும் தேதியும் எழுதி உறைய வைத்த குப்பிகளால்தான். 1957ல் நோய் எதுவும் செய்யாத வைரஸ் என்று சதுப்பேரியைத் தூக்கி எறிந்திருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க 2012ல் என்ன இருந்திருக்கும்?

நம் ஊர்களில் கோணல் காலோடு கன்று பிறந்தால் கிரகண தோஷம் என்று சொல்லி அன்றே புதைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். இளம் மருத்துவர்களும் அலுப்புப் பார்க்காமல் கன்றின் மூளையில் ஒரு துண்டும், தாயின் ரத்தமும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குப்பியின் மேல் ஊர்ப்பெயரும் தேதியும் தண்ணீர் பட்டாலும் அழியாத மையில் இருக்கட்டும்.